முதலில் அவர் குடிப்பார்

முந்தலில் டயர் கடை வைத்திருந்த சுனில் ஐயா மௌத்தாகிவிட்டார். காலையில்தான் மெசேஜ் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக்காம்.

ஆர்மியில் இருந்து ரிட்டயர் ஆகி வந்து கடை போட்ட சிங்களவர். எல்லாரும் தங்கமான மனிதர் என்று போஸ்ட் போடுகிறீர்கள். எனக்கு அவரை முழுசாக நம்ப முடிந்ததே இல்லை.

காரணம் என் நானா, கூடப் பிறந்த மூத்தவர். யுத்த காலத்தில் மன்னாருக்கு வேலைக்குப் போனவரைச் சந்தேகத்தில் பிடித்து ஒரு ஆர்மி கேம்பில் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் வெளியில் யார் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். தானே பைப்பில் பிடித்தால்தான்.

சுனில் ஐயாவும் மன்னார்ப் பக்கம் டியூட்டி பார்த்தவர். அந்தக் கேம்பில் இருந்தாரா... எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அவருக்கு ஒரு பழக்கம். கடைக்கு யார் வந்தாலும் ஒரே போத்தலில் இருந்து இரண்டு கிளாஸ் தண்ணீர் ஊற்றுவார். ஒன்றை முதலில் தான் குடிப்பார். பிறகுதான் மற்றதை நீட்டுவார்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன். என்னை அவர் சிங்களத்தில் ‘மல்லி’, தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“அது ஆர்மியில சொல்லித் தந்தது மல்லி. பிடிபட்ட ஆளுக்கு அடிக்கக் கூடாது, முதல் தண்ணி குடுக்கணும். அவர் பயத்தில குடிக்க மாட்டார்தானே... அதுனால நாங்க முதல் குடிக்கிறது.”

“எல்லாரும் அப்பிடித்தான் செஞ்சீங்களா?”

“நான் செஞ்சேன்.”

“மத்தவங்க?”

“மல்லி, அந்த வீலக் கொஞ்சம் புடிங்க.”

பிடித்தேன். ஒரு மனிதன் தண்ணீரைக் கண்டே பயப்படுகிறான் என்றால், அதற்கு முன்னால் அவனை என்ன செய்திருப்பார்கள்?

பிறகு ஒருமுறை நானா என் வேனில் இருக்கும்போது, காற்று அடிக்க என்று வேண்டுமென்றே அங்கே நிறுத்தினேன். இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும் எனக்கு.

சுனில் ஐயா வழமை போல ஊற்றினார், குடித்தார், நீட்டினார். நானா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்துவிட்டார்.

வேனில் ஏறியதும் கேட்டேன். “நானா, அந்தாளத் தெரியுமா ஒங்களுக்கு?”

“முகம் நெனவில்ல.”

“அப்ப என்னத்துக்குக் குடிச்சீங்க?”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

ஆளுக்கு ஆள் எனக்கு வேலை கொடுத்தே வாயை அடைத்துவிட்டார்கள்...

இன்று பின்னேரம் மரண வீட்டுக்கு வெளிக்கிட்டேன். நான் கூப்பிடவே இல்லை, நானா வந்து வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அங்கே சுனில் ஐயாவின் மகள் ட்ரேயில் தண்ணீர் கொண்டுவந்தாள். நானா எடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை, யாரும் குடிக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பி வைத்தார்.

நான்தான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை முதலில் குடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் வாங்க, சுனில் ஐயா.