சர்வரை எழுப்பப் போன இடங்கள்

"மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தா மட்டும் போதுமாடே? அதுக்குப் பொறவு…" என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் ஞாபகத்தில் இல்லை.

என் தொழிலும் ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பதுதான். விலை கூடிய டிசைன் சாஃப்ட்வேர் வாங்கும் அலுவலகங்களில், ஒரு கம்ப்யூட்டரில் லைசென்ஸ் சர்வர் என்ற சின்ன புரோகிராம் ஓட வேண்டும். மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடம் அனுமதி கேட்டுத்தான் வேலை செய்யும். அது படுத்தால் ஆபீஸே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எனக்குப் போன் வரும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் போனும் சோற்றில் கை வைக்கும்போதுதானே அடிக்கும்?

மஸ்கட் வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் இதை ஆரம்பித்தபோது மனைவி ஒரு கெடு வைத்தாள். கிறிஸ்துமஸுக்குள் ஒரு வருடாந்திர கான்ட்ராக்டாவது கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மஸ்கட்.

விண்டோஸ்

மார்த்தாண்டத்தில் வீட்டு பிளான் வரைகிற தங்கராஜ் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். காலையில் ஓடிய சர்வர் இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. போய்ப் பார்த்தேன். நிறுத்தினேன், தொடங்கினேன், கம்ப்யூட்டரையே அணைத்து எழுப்பினேன். லைசென்ஸ் இல்லை என்றே சாதித்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தால், சாஃப்ட்வேரோடு வந்த, பென்டிரைவ் மாதிரி விரல் நீள டாங்கிளைக் காணோம். அது செருகியிருந்தால்தான் சர்வர் எழும்பும்.

கேட்டதும் தங்கராஜ் பெருமையாகச் சிரித்தார். டாங்கிள் பத்திரமாக இருந்தது, அவர் மனைவியின் நகைகளோடு, பேங்க் லாக்கரில். இனி பேங்க் திறக்கத் திங்கள் ஆகும். "பொண்டாட்டி கழுத்துல கெடக்குறதவிட வெல கூடின சாமானம் சார். அத கம்ப்யூட்டருக்குப் பொறத்தால தொங்கவிட்டுட்டுப் போவாவளா?"

லினக்ஸ்

தோவாளைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப். லினக்ஸில் ஒரு கட்டளை அடித்துத்தான் சர்வரைத் தொடங்க வேண்டும். அடிக்கிற உரிமை துறைத்தலைவருக்கு மட்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போகும். கொஞ்ச நேரத்தில் வந்தும்விடும். ஆனால் பன்னிரண்டு வரை ராகுகாலம். அவர் கீபோர்டைத் தொடமாட்டார். பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள்.

கரண்ட் வந்ததும் சர்வர் தானாகவே எழும்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். நான் கான்ட்ராக்ட் பேச்சை எடுத்தேன். "அதான் தானா ஓடுதே, பொறவு எதுக்கு சார் கான்ட்ராக்ட்? ராகுகாலத்துல ஸ்டார்ட் ஆனாலும் தோஷம் அதுக்குத்தான், நம்ம தலையில இல்லல்லா?"

மேக்

குளச்சலில் சகாயத்தின் ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம் செய்கிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஒரு மேக்தான் சர்வர். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் மேக் தூங்கிவிடும். ஆல்பம் வேலையும் நின்றுவிடும். அதற்குச் சகாயம் கண்டுபிடித்த வழி, அவருடைய அப்பா. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட மரியதாசன், மேக் முன்னால் நாற்காலி போட்டு ஜெபமாலை சொல்லுவார். ஜெபமாலையின் பத்து மணிகள் விரலில் உருண்டதும் மவுஸுக்கு ஒரு அசைப்பு. நடுவில் ஆல்பம் பார்க்க வந்த பெண்வீட்டாரிடம் மீன் விலையும் விசாரிப்பார்.

"இத தூங்காம பண்ணித் தாங்க. ஒரு வாரம் ஓடட்டு, எனக்க மூணு கடைக்கும் வருஷ கான்ட்ராக்ட் ஒங்களுக்குத்தான்" என்றார் சகாயம். ஒருபோதும் தூங்காதபடி மாற்ற எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க ஆரம்பித்திருந்தது. கான்ட்ராக்ட் தாளோடு கையெழுத்து வாங்கப் போனேன். சகாயம் வெளியே போயிருந்தார். கடை வாசலில், வெயிலில், மரியதாசன் நின்றிருந்தார். சுகமா என்று கேட்டேன்.

"என்ன சுகம்? அதுதான் முழிச்சிருக்கே, நீரு வீட்டுல கெடயும்னு சொல்லிட்டாம் மவன். வீட்டுல சுவத்துக்கிட்டயா பேச? மக்கா, அது பழையபடி தூங்கட்டும். நான் பாத்துக்கிடுவேன்."

உள்ளே போய், பத்து நிமிடத்தில் தூங்கும்படி மேக்கை மாற்றி வைத்தேன்.