பஸ்ஸில் மைக் பிடித்தவள்

எங்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கோச் பிடித்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்காவது போகும். அந்த வசந்தத்தில் பவ்ரல் பக்கம் போனோம். சிட்னிக்குத் தெற்கே இரண்டு மணித்தியாலம். செடிவேலி போட்ட பச்சை மேடுகள், கல்லால் கட்டின சின்னச் சின்னத் தேவாலயங்கள், பூங்கா நிறைய டியூலிப். “அசல் இங்கிலாந்து மாதிரி” என்று நோட்டீஸில் எழுதியது நான்தான். நான் இங்கிலாந்தைக் கண்ணாலும் கண்டதில்லை. எழுதினால் சனம் வரும் என்று எழுதினேன், வந்தது.

ஆட்களைச் சேர்ப்பது, யாருக்குப் பக்கத்தில் யார் என்று சீட் ஒதுக்குவது, பஸ் வெளிக்கிட்டதும் மைக்கைப் பிடித்துக் கலகலப்பாக்குவது, மூன்றும் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று எழுபது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர், சங்கத்துச் சிநேகிதி ஒருத்தியின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை. இங்கே பிறந்த பிள்ளை. தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிறவள். அன்றைக்கு மட்டும் தடக்கித் தடக்கித் தமிழிலேயே கதைத்தாள்.

“அன்ரி, எங்களோடை ஒருத்தர் ட்ரிப்புக்கு வாறார். அம்மா அப்பாவின்ரை சீட்டுக்குப் பக்கத்திலை அவருக்கு இடம் தருவீங்களோ?”

“ஆர் பிள்ளை அது?”

கிரவீன் பக்கத்தில் இருக்கும் தன் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக் குசினிக்கு அலுமாரி பூட்ட வந்தவராம். இரண்டு வருஷப் பழக்கம். கட்டினால் அவரைத்தான் கட்டுவாளாம்.

“அம்மா அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு நாள் கதைச்சுப் பழகினா அவைக்கு அவரைப் பிடிக்கும், அன்ரி. அதுக்குப் பிறகு மிச்சத்தை நானே சொல்லுவன்.”

“அதென்ன மிச்சம்?”

சிரித்து மழுப்பிவிட்டாள். அந்த மிச்சம் என்னவென்று தெரியாமல் எனக்கு ஒரு கிழமை சோறு தண்ணி இறங்கவில்லை. நாங்கள் இதை விடுப்பு என்போம். அடுத்த வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும். என் தாய்க்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஆளைக் கண்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். அமைதியான முகம். கேட்டபடியே சீட் கொடுத்திருந்தேன். ஏறின உடனேயே பிள்ளையின் தாயிடம் பையை வாங்கி மேலே வைத்தார். தகப்பனோடு கிரிக்கெட் கதைத்தார். தாய் கட்லெட் பெட்டியைத் திறந்து, “எடுங்கோ தம்பி, வெக்கப்படாதேங்கோ” என்று இரண்டாம் தரமும் நீட்டினாள். பின் சீட்டில் இருந்து மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. நகரம் முடிகிற கம்பல்டவுனைத் தாண்டியதும் மைக் சீட் சீட்டாகப் போகும். பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம், ஆஸ்திரேலியாவுக்கு வந்த வருஷம். இதில் வருஷம்தான் முக்கியம். ஆக முந்தி வந்தவருக்குக் கைதட்டு விழும். பிந்தி வந்தவர் சொன்னால் “ஓ, நேற்றைக்கு வந்தவை” என்று யாராவது பகிடி விடுவார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் இந்த வரிசையில் தன் இடம் எது என்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய முறை வந்தது. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார். மைக்கை அடுத்தவரிடம் நீட்டினார். அதோடு விட்டிருக்கலாம்.

“வந்த வருஷத்தை ஆர் சொல்லுறது, நானோ?” என்றேன். சனம் சிரித்தது.

“பத்துப் பன்னிரண்டு வருஷமாச்சுது, அன்ரி.”

“படிக்க வந்தனீரோ, ஸ்கில்ட் விசாவோ?”

அவர் நீட்டின மைக்கைத் திரும்ப இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பின் சீட்டில் இருந்து மகள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் அதைக் கண்டேன். கண்ட பிறகும் கேட்டேன்.

“ஏன் தம்பி முழுசுறீர்? கப்பலிலையோ வந்தனீர்?”

பகிடிக்குக் கேட்டேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கினதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

“ஓம் அன்ரி” என்றார், மைக்கிலேயே. “கப்பலிலைதான் வந்தனான். இன்னும் பிரிட்ஜிங் விசாதான்.”

கப்பலில் வந்து அகதி என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கிற பிரிட்ஜிங் விசா என்றால் இங்கே நிரந்தரமாக இருக்கலாம் என்றும் இல்லை, இப்போதே போ என்றும் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் திரும்பி மகளைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தைக் கண்டதும் அவளுக்கு மிச்சமெல்லாம் விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்தது மூன்று மாத விசிட்டர் விசாவில். திரும்பிப் போகப் பயந்து, இங்கேயே நின்று, அகதி என்று விண்ணப்பம் போட்டவள். நாலு வருஷம், மறுத்துக் கடிதம் வந்திருக்குமோ என்று தபால் பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தடவை திறந்து பார்த்தேன். கடைசியில் எல்லாம் சரிவந்தது. வீடு வாங்கினேன், சங்கத்தில் செயலாளரும் ஆனேன். அதற்குப் பிறகு இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. மைக் வைத்திருப்பவளிடம் யாரும் வருஷம் கேட்பதுமில்லை. அன்றைக்கு இதை மைக்கில் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தனித்துப் போயிருக்க மாட்டார்.

“சரி சரி, அடுத்த ஆள்” என்றேன்.

ஞாயிறு காலையில், மோட்டல் வாசலில் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள்.

“என்னைப் பிழையா நினையாதேங்கோ அக்கா. அவர் நல்ல பெடியன்தான். நாளைக்குத் திருப்பி அனுப்பினா என்ரை பிள்ளையின்ரை கதி என்ன? அவரைக் கொஞ்சம் தள்ளி இருத்தி விடுங்கோ.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு. ஆனால் நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை கேட்டது வாய்த்துடுக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஞாயிறு செய்தது நன்றாக யோசித்துச் செய்தது.

“தம்பி, நீங்கள் முன்னுக்கு ட்ரைவருக்குப் பக்கத்திலை இருங்கோவன். வழி சொல்ல ஒரு ஆள் வேணும்” என்றேன். முதல் நாள் நீர் என்று அதட்டினவள், இன்றைக்கு நீங்கள் என்று குழைந்தேன். ட்ரைவருக்கு முன்னால் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓம் அன்ரி” என்று பையை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போனார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது என் மானத்தைக் காப்பாற்றியிருப்பேன். எனக்கு இன்றைக்கும் முகம் சுடுகிறது. அந்தப் பச்சை மேடுகளையும் டியூலிப்பையும் பற்றி எதையாவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர்கள் குடும்பம் சங்கத்துக்கு வரவில்லை. இரண்டு பேரும் கட்டினார்களோ, பிரிந்தார்களோ, எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்க முகமில்லை.

அந்த ஞாயிறு, திரும்பி வரும் வழியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றோம். சனம் தோசைக்கு வரிசையில் நின்றது. நான் கால் கழுவும் பைப்படியில் தனியே நின்றேன். மகள் அங்கே என்னைத் தேடி வந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

“அன்ரி, எல்லாரையும் கேட்டனீங்கள். உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள். குரலில் கோபமில்லை. “நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?”

நான் ஈரக் காலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆரும் பெரியாக்கள் தாங்களும் அகதியா வந்தவை எண்டு சொன்னா அம்மாவின்ரை பயம் குறையும். நீங்கள் சொன்னா அம்மா கட்டாயம் கேப்பா. ப்ளீஸ் அன்ரி.”

அவளுடைய தாய் பத்தடி தூரத்தில் தட்டோடு நின்றாள். கூப்பிட்டால் கேட்கும். சங்கத்து ஆட்களும் அந்தத் தூரத்தில்தான் நின்றார்கள்.

“நான் ப்ளேனிலை வந்தனான், பிள்ளை” என்றேன்.



“ஓகே அன்ரி” என்று சொல்லிவிட்டு, அவள் தாயிடம் கதைக்கத் தனியே போனாள்.