தொட்டியில் பிறந்த நாற்பது

என் மனைவியின் அண்ணன் மேல் எனக்குப் பதினோரு வருஷக் கோபம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். சொல்லாமல், நான் போட்ட கையெழுத்தே எனக்குச் சுருக்குக் கயிறாகும்படி செய்துவிட்டார். இத்தனை வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

மச்சான் கொட்டகையில் தொட்டி வைத்து மீன் வளர்த்தவர். பெண் பார்க்கப் போன வீட்டில் மூலையில் இருந்த மீன் தொட்டியை மட்டும் பார்த்து, தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்த ஆள். அப்புறம் அவருக்கு யாரும் பெண் பார்க்கவில்லை. நான் அவரிடம் தொட்டி கழுவினேன்.

செவ்வரி என்று ஒரு மீன். விரல் நீளம், விலாவில் சிவப்புக் கோடு. மலை ஆற்றில் அருகிவிட்டதால் அதைப் பிடிக்கத் தடை. தொட்டியிலேயே பிறந்ததென்றால் விற்கலாம். தொட்டியில் அது முட்டையிடாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மச்சான் மூன்று வருஷம் மல்லுக்கட்டி இட வைத்தார். இருநூறு குஞ்சு. 'இருநூறும் இங்கே பிறந்தவை' என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்றைக்கு அது உண்மை.

அடுத்த வாரமே வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. நாற்பதுதான் மிஞ்சின. தாள் அதற்குள் விற்பனை அனுமதிக்காக வனத்துறை அலுவலகம் போய்விட்டது. எண்ணிப் பார்க்க அதிகாரி வருவார். குறைந்தால் அனுமதி வருமுன்னே கள்ளத்தனமாக விற்றதாகப் பிடிப்பார்கள் என்று மச்சானுக்கு நடுக்கம். இதே தொழிலில் ஒருவர் அப்போதுதான் உள்ளே போயிருந்தார். இரண்டு நாள் காணாமல் போன மச்சான், நனைந்த கால்சட்டையோடு நூற்றறுபது செவ்வரியைக் கொண்டுவந்தார். யாரோ வளர்த்ததை வாங்கினேன் என்றார்.

தொட்டி மீன் ஆள் நிழல் பட்டாலே தீனிக்கு மேலே வரும். இவை அடியில் பதுங்கின. உண்மையில் எங்கிருந்து வந்தவை என்று கேட்டேன்.

"ஆத்துல புடிச்சதுதான். வெளியில மூச்சு விட்டுடாத மாப்ள."

நாற்பதையும் அவற்றோடு ஒரே தொட்டியில் விட்டார். பழகியதைப் பார்த்துப் புதிது தீனிக்குப் பழகும். தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். பத்து நாள் காத்திருந்தோம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவர் கையிலிருப்பது கீழே விழும். நான் வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி இருக்கிறீர்களே என்று என் மனைவி கேட்டாள். காய்ச்சல் என்றோம்.

வந்த அதிகாரி ஒரு அம்மா. மீனை எண்ணவே இல்லை. ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவிவிட்டு, தொட்டிக்கு மேலே கையை மெதுவாக அசைத்தார். நூற்றறுபதும் கல்லுக்கடியில் பாய்ந்தன. கூடவே எங்கள் நாற்பதும் பாய்ந்தன. தீனிக்குப் பழக்கப் போய், ஆற்று மீன் இவற்றுக்குப் பயத்தைப் பழக்கிவிட்டது.

மச்சான் உடைந்துபோய் உள்ளதைச் சொன்னார். நூற்றறுபது ஆற்றுமீன், நாற்பது மட்டும் என் பிள்ளைகள் என்றார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சாட்சி நீங்கதானே? நாப்பது இங்க பொறந்ததா?"

ஆமாம் என்றால் என்னையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியாதுங்க. போடச் சொன்னாரு, போட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தார்.

நாற்பதுக்கும் சாட்சி இல்லாமல் போனதால், எல்லாவற்றையும் ஆற்றிலேயே விடவேண்டும் என்று உத்தரவு. ஒரு காவலரோடு மீன் வாளிகளைத் தூக்கிப்போகும்படி என்னிடம் சொன்னார்கள். மச்சானை இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். அது கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"கொட்டிடாத மாப்ள. கரையோரமா வாளியை மெல்லச் சாய்ச்சு வை. ஆத்து மீனு வழி தெரிஞ்சு ஓடிடும். போகத் தெரியாம வாளிக்குள்ளயே நிக்கும் பாரு, அது நம்மளது. அந்தக் காவலர் கையக் கால புடிச்சாவது அதுங்கள வீட்டுக்குக் கொண்டுவந்துடு."