மூணரை போட்ட வெந்நீர் மெஷின்

வெந்நீர் மெஷின் மாட்டுகிற தொழிலில், தண்ணீர் சூடாவதற்கு முன்னாடி வீட்டுக்காரர் சூடாகிவிடுவார். கரண்ட் பில் வந்ததும் நெஞ்சைத் தடவிக்கொள்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். திருவண்ணாமலையில் பிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தது. ஹீட் பம்ப் என்று ஒரு வெந்நீர் மெஷின் எங்கள் பக்கம் வந்த புதுசில், முதன்முதலாக அதை ஒரு ரிட்டயரான கணக்கு வாத்தியார் வீட்டில் மாட்டினேன். மலைக்குப் பக்கத்துத் தெரு. இப்பவும் அந்த வழியாகப் போனால் வண்டி தானாக மெதுவாகும்.

ஒண்ணுக்கு மூணரை

வாத்தியார் சம்சாரம் சரோஜா அம்மாவுக்கு மூட்டுவலி. வெந்நீர் ஊற்றினால்தான் கால் மடங்கும். ஆனால் பழைய கீசர் ஓடினாலே வாத்தியார் மீட்டரைப் பார்ப்பார், அப்புறம் குளியலறைக் கதவைத் தட்டுவார். அந்தம்மா பயந்துபோய்ப் பச்சைத் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் நானே போய் வாய் கொடுத்தேன்.

மெஷின் ஸ்டிக்கரில் 3.5 என்று பெரிசாகப் போட்டிருந்தது. "ஒரு பங்கு கரண்ட் போட்டா மூணரைப் பங்கு சூடு கெடைக்கும் சார். பிரிட்ஜ் பின்னாடி கை வெச்சா சுடுதில்ல? உள்ள இருக்கிற சூட்டை வெளியே தள்ளுது. இது காத்துல இருக்கிற சூட்டைத் தூக்கியாந்து தண்ணியில எறக்குது. கரண்ட் வெறும் தூக்குகூலிதான். நம்ம ஊர்ல சூட்டுக்கா பஞ்சம்?" என்றேன். பில் குறையாவிட்டால் கழட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

வாத்தியார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஒண்ணு போட்டா மூணரையா? சீட்டுக் கம்பெனிக்காரனும் இதையேதான்யா சொன்னான்!"

தகரப் பெட்டி

கொல்லைச் சுவரோரம் மாட்டிய மூன்றாம் நாளே குரங்குக் கூட்டம் வந்து பைப்பில் சூடு போகாமலிருக்கச் சுற்றியிருந்த ரப்பரைப் பிய்த்துப் போட்டது. விடுவேனா? வெல்டரைக் கூட்டிவந்து மெஷினைச் சுற்றி நாலு பக்கமும் மேலேயும் தகரம் அடித்து, கதவு வைத்துப் பூட்டினேன். குரங்கு தோற்றது.

அடுத்த பில் துளியும் குறையவில்லை. தண்ணீர் வெறும் வெதுவெதுப்பு. சரோஜா அம்மா மறுபடியும் பச்சைத் தண்ணீர். ஓடிப்போய்த் தகரக் கதவைத் திறந்தால், உள்ளே சில்லென்று பனி படிந்திருக்கிறது. சூட்டை உறிஞ்சிவிட்டு மெஷின் வெளியே விடுகிற குளிர்காற்று போக வழியில்லை. அதையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது. சூடே இல்லாத காற்றில் எதைத் தூக்கும்? முப்பது வருஷம் பிரிட்ஜ் பார்த்தவன், ஒரு புது பிரிட்ஜே செய்து வைத்திருக்கிறேன். கீழே ஒரு தூக்கில் மோர், ஈரத்துணியில் பூ.

பின்னாலேயே வந்த அந்தம்மா மெதுவாகக் கேட்டார்கள்: "இன்னாப்பா, கழட்டிடுவியா? மல்லி மூணு நாளா வாடலையே!"

எறும்பு எழுத்து

ஸ்பேனரோடு தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். வாத்தியார் பூதக்கண்ணாடி கொண்டுவந்து, மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்தார். 3.5-க்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்து. காற்று இவ்வளவு சூடாக இருக்கணும், தாராளமாக வந்துபோகணும், தண்ணீர் இந்தச் சூட்டுக்கு மேல் கேட்கக் கூடாது, அப்போதுதான் மூணரை. இல்லாவிட்டால் கம்மிதான். எனக்கு இங்கிலீஷ் வராது. பெரிய நம்பரை மட்டும் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

"கண்டிஷனை விட்டுட்டு விடையை மட்டும் படிச்சிருக்கே. என் கிளாசா இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

அஞ்சு பக்கெட்

தகரத்தைப் பிரித்துக் கம்பிவலை போட்டேன். சூட்டையும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். வாத்தியார் அதோடு விடவில்லை. பழைய கீசரில் அஞ்சு பக்கெட், இதில் அஞ்சு பக்கெட் பிடித்து, இரண்டுக்கும் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று சுவரில் சாக்பீஸால் எழுதி, அதை இதால் வகுத்துப் பார்த்தார். மார்கழிக் குளிரில் மூணுக்குக் கொஞ்சம் கம்மி.

"மூணரை வரலையே சார்..." என்று இழுத்தேன். உள்ளே சரோஜா அம்மா குளிக்கிற சத்தம். சொம்பு சொம்பாக ஊற்றுகிறார்கள், நிற்கவே இல்லை. வாத்தியார் எழுந்துபோய்க் கதவைத் தட்டினார். பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்று நான் ஸ்பேனரைத் தேடினேன்.

"மெதுவா வா சரோஜா, மெக்கானிக்குக்குக் காப்பி நானே போட்டுக் குடுக்கிறேன்."

அப்புறம் எத்தனையோ வீட்டில், காற்றுக்கு வழி விட்டே மாட்டிவிட்டேன். ஆனால் சர்க்கரை போட மறந்த அந்தக் காப்பிக்கு, பிரிட்ஜில் ஒட்டுகிற மாதிரி, எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்று எந்தக் கம்பெனி புத்தகத்திலும் போடவில்லை.