தங்கையின் குரலில் ஒரு டிரங்க் கால்

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஒரு மழை மதியம், மதுரைக்கு ஒரே லைன்தான் வேலை செய்தது. எங்கள் விதி எளிது: அவசர அழைப்பு முதலில், பிறகு பதிவு செய்த வரிசை. வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் இரண்டிலும் முதலில் இருந்தார். பிரசவத்தில் அவர் மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மதுரையிலிருந்து ரத்தம் வர வேண்டும். "ஏம்மா, தூங்குதியா?" என்று அதட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த இணைப்பில் ஒரு பெண். "யக்கா, செத்த சீக்கிரம் போடேன் யக்கா."

முந்தைய வருடம் இறந்த என் தங்கையின் குரல். அதே இழுப்பு, அதே கெஞ்சல். மதுரை லைன் காலியானதும் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இணைப்பு சரிதானா என்று ஹெட்போனில் கேட்டேன். அவள் யாரிடமோ சேலைக்கு நிறம் சொல்லிக்கொண்டிருந்தாள். கனத்த, அந்நியமான குரல். தங்கையின் சாயல் துளியும் இல்லை. காத்திருந்தவரின் இணைப்புக்கு மாறினேன். அவர் அதட்டவில்லை; மூச்சு மட்டும் கேட்டது.

அவள் பேச்சைத் துண்டித்து அவருக்கு லைன் கொடுத்தேன். பேசி முடித்ததும், "ரத்தம் கெளம்பிருச்சு தாயி. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

அவர் மனைவி பிழைத்தாளா என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போதும் யார் குரலாவது என் மனதை இளக்கினால், வேறு யார் காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.