பெயர் போடாத கட்டுரைக்கு எங்கள் மறுமொழி

சில வருடங்களுக்கு முன்பு, கனடாவின் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய இதழ்களை ஸ்கான் செய்யும் வேலை எனக்கு. அதே அறையில் வேலை செய்தவள் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். நான் யாழ்ப்பாணம். என்னைவிட இளையவள் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் வந்தது, லண்டனில் அச்சான ஒரு பழைய அரசியல் இதழ். குடியேற்ற நாடுகளை எப்படி ஆள வேண்டும் என்று எழுதியவர்கள் பலர் தங்கள் பெயரைப் போட்டிருக்கவில்லை. ஆளுநர்களின் மேசை வரை போன இதழ். வேறொரு பெயரில் இன்றும் வருகிறது.

ஒரு மதியம் அவள் ஸ்கானரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்பது பற்றிய கட்டுரை. அவர்கள் வந்து போகிறவர்கள், அந்த மண்ணோடு ஒட்டாதவர்கள், வாக்குக் கொடுப்பது ஆபத்து என்று மிக மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மக்களை நாடற்றவர்களாக்கிய சட்டங்களுக்கு இந்த ஒரு கட்டுரைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த வாதம் போகவில்லை.

"எங்க தாத்தா தோட்டத்துலதான் பொறந்தாரு, அக்கா. சாகுற வரைக்கும் அவருக்கு ஒரு நாடும் இல்ல" என்றாள்.

அதே இதழுக்கு மறுமொழி எழுதுவம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் மோர்னிங்சைட் பகுதியில் அவளுடைய அப்பார்ட்மென்டில் இருந்து எழுதினோம். அந்தச் சட்டங்களை ஆதரித்த யாழ்ப்பாணத் தலைவர்களும் இருந்தார்கள். முதல் வரைவில் நான் அதை விட்டுவிட்டேன். அவள் கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டாள்.

"வெக்கமாக் கிடக்கு" என்றேன்.

"அதையும் எழுதுங்க. இல்லாட்டி நாமளும் பேரு போடாத அந்த ஆளு மாதிரித்தான் எழுதுறோம்."

எழுதினேன்.  அந்தப் பந்திக்கு மட்டும் இரண்டு ஞாயிறு போனது.

கொள்கை வகுப்போர் வாசிக்கும் இதழில் குடும்பக் கதை பொருந்தாது, தாத்தாவை எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியர் பதில் போட்டார். அவள் மறுத்துவிட்டாள். மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. நான் நம்பிக்கையை விட்டிருந்த நேரத்தில், ஒரு சொல்லும் வெட்டாமல், எங்கள் இருவரின் பெயரோடும் அது வெளிவந்தது.

அடுத்த வசந்தத்தில் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ஒரு மின்னஞ்சல். நாடற்றவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களுக்கான விதிமுறைகளை எழுதும் அரசுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி கட்டுரையை வாசித்திருந்தார். இருவரும் ரயிலில் போனோம். பிறப்புப் பத்திரம் இல்லாத ஒருவர் தான் யார் என்று எப்படிக் காட்டுவார் என்று கேட்டார்கள். பெரும்பாலும் அவள்தான் பேசினாள்.

சென்ற மாதம் அந்தக் குழுவின் விதிமுறை வரைவு ஆங்கிலத்தில் வந்தது. பத்திரம் இல்லாத இடத்தில் குடும்பத்தவரின் வாக்குமூலத்தையும் ஏற்கலாம் என்று அதில் ஒரு வரி. இன்னும் வரைவுதான். அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஹட்டனில் இருக்கும் அப்பாவுக்குப் போன் எடுத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். நடுவில் ஒரு சொல் வராமல் என்னைப் பார்த்தாள். "வாக்குமூலம்" என்று எடுத்துக் கொடுத்தேன்.