அறுநூற்றுப் பதினாலாவது வரி

நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு அடிஸ்கேல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; அவருக்குத் தெரியாமலும் இல்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு மர அடிஸ்கேலை வைத்துத்தான் படிப்பார். ஒரு வரி முடிந்தால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். நடுவில் கட்டடம் தீப்பிடித்தாலும் மனுஷன் எழுந்திருக்க மாட்டார். கம்ப்யூட்டர் வந்த புதிதில் திரை மேலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பக்கத்து மேஜைப் பெண்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு மட்டும் அச்சடிச்சுக் குடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு தேர்தலுக்கு வாக்காளர் சீட்டு எழுத மூன்று மாதத் தற்காலிக ஆளாக உள்ளே வந்தவர், முப்பத்தோரு வருஷம் ஆகியும் அதே தேர்தல் பிரிவில்தான். பதவி உயர்வு வந்தபோது வேறு பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிழைக்கத் தெரியாத ஆள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பட்டியலில் செத்துப்போனதாக இருந்த ஒரு பெரியவரைக் கையோடு அழைத்து வந்து, அதிகாரியின் மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, "உயிரோட இருக்காரான்னு இவரையே கேட்டுடுங்க," என்றவர் இவர்தான். பெரியவர் அதற்கப்புறம் மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டார். இத்தனை வருஷத்தில் இவர் பேரில் ஒரு மெமோ கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு புது விதி வந்தது. போன தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களின் பெயர் அப்படியே தொடரும். தொடர்கிறது என்று வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். போடாதவர்களுக்கு வேறு நோட்டீஸ். முப்பது நாளுக்குள் இரண்டு ஆதாரத்தோடு வராவிட்டால் பெயர் போய்விடும். உட்கார்ந்த இடத்தில் விதி போடுகிறவர்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லை. அலுவலகத்தில் நடக்க இடமில்லாமல் உறைக் கட்டுகள். பசை டப்பாவைத் தேடுவதே பாதி வேலையாக இருந்தது. முதல் தவணைக் கடிதங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தன.

அப்படிப் போன ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் பிரிவில் வேலை செய்கிறவர். அவருடைய ஒரே பையன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவன், திரும்பவே இல்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாம் பார்த்தாயிற்று. பட்டியல் சரிபார்க்க யார் வந்தாலும், "வெளியூர்ல இருக்கான், வந்துடுவான்," என்று சொல்லி அவன் பெயரை மட்டும் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

கடிதம் அந்தப் பையன் பெயருக்கு வந்திருந்தது. கடந்த தேர்தலில் தாங்கள் வாக்களித்திருப்பதால் தங்கள் பெயர் தொடர்கிறது என்று இருந்தது. கடந்த தேர்தல் நடந்து ஐந்து வருஷம்.

"தம்பி, அன்னிக்கு எங்க பள்ளிக்கூடத்து பூத்துல முதல் மேஜையில உக்காந்திருந்தது நீங்கதானே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாம்மா."

"அப்ப நீங்க அவனைப் பார்த்திருக்கீங்க. இளைச்சிருந்தானா? என்ன சட்டை போட்டிருந்தான்?"

அடிஸ்கேல் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு எண்ணூற்றுச் சொச்சம் பேர் அவர் மேஜையைத் தாண்டிப் போனார்கள். பெயரைத் தேடி, எண்ணை உரக்கச் சொல்லி, பட்டியலில் கோடு போடுவது அவர் வேலை. அடுத்த மேஜைக்காரர் அந்த எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். முகத்தைப் பார்க்க ஏது நேரம்?

"ஞாபகம் இல்லைம்மா," என்றார்.

"அவசரமில்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க."

மறுநாள் மூன்றரை மணிக்கு, ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். "ஏதாவது ஞாபகம் வந்துதா தம்பி?" அவ்வளவுதான் கேட்பார். இல்லை என்று சொன்னால் எழுந்து போய்விடுவார். நாலாவது நாள் போகும்போது, வேலையை விட்டுவிட்டதாகவும், வருகிற திங்கட்கிழமை பஸ் ஏறப்போவதாகவும் சொன்னார். "இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிருக்கான்னா, சுத்துப்பட்டு ஊர்ல எங்கேயாவதுதான் இருப்பான். ஒவ்வொரு ஊராப் பார்க்கப் போறேன்." அறுபது வயதுக்கு மேல், துணைக்கு ஆள் இல்லாமல். அடிஸ்கேல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேறு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காலையில் டெய்லர் வந்தார். வந்தார் என்று சொல்வது மரியாதைக்கு, சண்டைக்குத்தான் வந்தார். அந்த அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரர். கையில் நோட்டீஸ்.

"நான் ஓட்டுப் போடலையாமே? எவன் சொன்னான்? மை காயறதுக்குள்ள கடைக்குப் போய், ஒருத்தர் புதுச் சட்டை காலர்ல அந்த மையை ஒட்டி வச்சு, அந்த ஆளு இன்னிக்கு வரைக்கும் என்னைத் திட்டறாரு சார். அதைவிட என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அடிஸ்கேலும் பாதி சிரித்தார். போன தேர்தலில் கோடு போட்ட பட்டியலின் நகலை எடுத்து டெய்லரின் எண்ணைப் பார்த்தார். அறுநூற்றுப் பதினைந்து, கோடு இல்லை. அதற்கு மேல் வரி அறுநூற்றுப் பதினாலு, கோடு இருக்கிறது. அது யார் பெயர் என்று பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பழைய தேர்தல் பெட்டிகளை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அழிக்க ஆள் இல்லாததால் எல்லாம் கீழ்த்தளத்திலேயே கிடந்தன. அரசாங்கச் சோம்பேறித்தனத்தாலும் எப்போதாவது ஒரு நல்லது நடக்கும் போலிருக்கிறது. அதிகாரி மேடத்திடம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு கீழே போனார். பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறந்து கையெழுத்து நோட்டை எடுத்தார். 614 என்ற எண்ணுக்கு எதிரே டெய்லரின் கையெழுத்து இருந்தது. பெயர் முடிகிற இடத்தில் நூலை இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு சுழி. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தப்பு அவருடையது. டெய்லர் வந்து நின்றபோது மேல் வரியைப் படித்து, மேல் வரி எண்ணைச் சொல்லி, மேல் வரியில் கோடும் போட்டிருக்கிறார். எப்படி நடந்தது? அவருக்கு இன்றுவரை தெரியாது. காற்றில் தாள் எழும்பியதா, யாராவது மேஜையை இடித்தார்களா, பசி மயக்கமா, ஒன்றும் நினைவில்லை. அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனுஷி, இவரைவிட இருபது வயது சின்னவர். "ரெண்டு வரியையும் மாத்திப் போட்டுடுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை. டெய்லர் பிரச்சினை தீர்ந்தது. அந்த அம்மா வீட்டுக்கு வழக்கமான நோட்டீஸ் தானாப் போயிடும்."

"அந்த நோட்டீஸ்ல காரணம் இருக்காது மேடம். போன வாரம் ஓட்டுப் போட்டார்னு சொன்னோம், இந்த வாரம் போடலைன்னு சொல்வோம். அவங்க எதை நம்புவாங்க?"

"நீங்க ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு மாசம்தான் இருக்கு. எதுக்கு சார் வீணா? காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம்."

அவர் தன் மேஜைக்குப் போய் ஒரு தாளை எடுத்தார். என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு மேடத்தின் மேஜையில் வைத்தார். மேடம் அதைப் படித்தார். முத்திரை குத்தி, நோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோதுதான் உண்மையான இடி விழுந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள், எதையும் பிரித்துப் பார்த்துத்தான் பேசுவாள். "சொல்லிட்டா உங்க மனசு லேசாயிடும். சரி. அவங்க மனசு? ஒன்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு சேதி கிடைச்சிருக்கு. அதையும் நீங்க போய்ப் பிடுங்கிட்டு வரப்போறீங்களா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தன் முப்பத்தோரு வருஷப் பெருமைக்காகத்தான் சொல்லத் துடிக்கிறோமோ என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது.

"திங்கக்கிழமை பஸ் ஏறப் போறாங்க," என்றார் கடைசியில். "அவன் வரவே இல்லை. நான் போட்ட ஒரு கோட்டை நம்பி, அந்த அம்மா எத்தனை ஊர் சுத்துவாங்க?"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "நானும் வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலையில் போனார். ஒற்றை அறை வீடு. கட்டிலில் ஒரு பை பாதி நிரம்பியிருந்தது. பக்கத்தில் புடவைகள், ஆஸ்பத்திரி விரிப்புகளைப் போலவே மூலையோடு மூலை சேர்த்து மடித்து அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் பையனின் புகைப்பட நகல்கள், ஐம்பதாவது இருக்கும். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாபகம் வந்துடுச்சா தம்பி?"

"உக்காருங்கம்மா," என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. அடிஸ்கேலும் நின்றபடியே சொன்னார். "உங்க பையன் அன்னிக்கு வரலைம்மா. வந்தது அடுத்த வீட்டு டெய்லர். நான் ஒரு வரி தள்ளிக் கோடு போட்டுட்டேன். லெட்டர் அதனாலதான் வந்தது. தப்பு முழுக்க என்னோடதும்மா."

நகலை நீட்டினார். அந்த அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது அவர் கையெழுத்துதான். துணி வாங்கற சீட்டுல இதே மாதிரிதான் சுழிப்பார்," என்றார். அப்புறம், "அப்ப அவன் வரலை," என்றார்.

"வரலைம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

திட்டுவார் என்று அடிஸ்கேல் எதிர்பார்த்தார். நாலு வார்த்தை கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்று நின்றார். அந்த அம்மா கேட்டது வேறு. "இனிமே அவன் பேரு என்னாகும்?"

பூசி மெழுகாமல் சொன்னார். நோட்டீஸ் வரும். முப்பது நாளில் அவன் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். காணவில்லை என்றுதான் எழுதுவார்கள், இறந்ததாக எழுத மாட்டார்கள். அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என்றைக்குத் திரும்பி வந்தாலும் ஒரே ஒரு படிவம் போதும். "நான் அங்க இல்லைன்னாலும் என் வீட்டுக்கு வாங்க. நானே எழுதித் தரேன்."

அந்த அம்மா தலையாட்டினார். சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அடக்கிவைத்து அழுகிற அழுகை இல்லை, உடம்பே குலுங்கியது. அடிஸ்கேல் பாவம், செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று மனசுக்குள் தன்னைத் தானே சபித்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"லெட்டர் வந்த நாள்லேர்ந்து நான் தூங்கலை தம்பி," என்றார் அந்த அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பள்ளிக்கூடத்துக்கும் இங்கேயும் நாலு தெரு. அன்னிக்கு எனக்கு லீவு. கதவைத் திறந்து வச்சுட்டு நாள் பூரா இங்கதான் உக்காந்திருந்தேன். வீட்டை விட்டுப் போன அன்னிக்குக் காலையில அவனைக் கண்டபடி திட்டிட்டேன். ஊர் வரைக்கும் வந்தவன், பெத்தவளைப் பார்க்காமப் போயிருக்கானே, அந்தக் கோவம் இன்னும் அவனுக்குத் தீரலையேன்னு நெஞ்சு வெந்துபோச்சு. கோவமா இருந்தானான்னு கேட்கத்தான் உங்ககிட்ட வந்தேன். வாய் வரலை. சட்டையைக் கேட்டேன்."

கட்டிலில் கிடந்த படங்களில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"வந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பான்," என்றார்.

"கண்டிப்பா வந்திருப்பான்மா," என்றார் அவர்.